ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர்

ஜனவரி 12

அன்பான தம்பிக்கு அக்கா எழுதுறது.

இங்க நானும் உன் மகளும் சௌக்கியம். உன் சௌக்கியத்த நீ எழுதினாத்தான் எங்களுக்குத் தெரியும். போன்ல கேட்டா "ம்", "சரி", "வெச்சிடட்டா"ங்கறதுக்கு மேல உன் வாயிலருந்து ஒண்ணும் வாங்க முடியல. அதான் கடிதாசின்னு இறங்கிட்டேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவ நான், பஸ் போர்டு பாத்து எழுத்துக் கூட்டினவ. தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க.

நம்ம பிளாக்குல கீழ ஒரு ஹால் பூட்டியே கிடக்குமே, ஞாபகம் இருக்கா? சாவி வாட்ச்மேன்கிட்டன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க, ஆபீஸ்லன்னு வாட்ச்மேன் சொல்லுவாரு. போன வாரம் பூட்டையே ஒடச்சுத் தொறந்துட்டாங்க. உள்ள காலி பெயிண்ட் டப்பா, கால் போன கேரம் போர்டு, அப்புறம் ஒரு பூனை. பூட்டின ரூமுக்குள்ள பூனை எப்படிப் போச்சுன்னு பிளாக்கே கூடி நின்னு பேசிச்சு. மேல் மாடி எலக்ட்ரீஷியன், "அதுகிட்டத்தான் சாவி இருந்திருக்கு"ன்னாரு. எங்க விட்டேன்? ஆங், ஹாலு.

நம்ம மாதிரி குறைஞ்ச வாடகை வீட்டுல இருக்கறவங்களுக்காக வீட்டு வாரிய ஆபீசும், லைப்ரரியும், பாட்டுப் பள்ளிக்கூடமும், எதிர்த்தாப்புல மதில் கட்டின பெரிய கிளப்பும் கூட்டு சேந்திருக்காங்களாம். பாட்டு, படம் வரையறது, புஸ்தகம், நீச்சல் எல்லாம் சொல்லித் தராங்க. இதுக்குன்னு ஒரு மேடம் வருது. பரீட்சை அட்டைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டே நடக்கும். அட்டை மேடம்னு பேரு வெச்சாச்சு. அதுக்கும் தெரியும், சிரிச்சுக்கும்.

உன் மகளுக்கு நான் வெச்ச பேரு குண்டூசி. ஆளு மெலிசு, பேச்சு குத்தும். "உனக்கு என்னடா கண்ணு வேணும், பாட்டா, படமா?"ன்னு மேடம் கேட்டுச்சு. "நீச்சல்"னு சொல்லிட்டு வாய மூடிக்கிட்டா. அந்த விஷயத்துல உன் மகதான்.

நீச்சலுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். வீட்டுல ஒருத்தர் அது கூடவே தண்ணியில இறங்கணும், கடைசிவரைக்கும் அதே ஆளு. கை மாறினா பிள்ளை பயந்துடுமாம். முடியாதுன்னு சொல்லத்தான் போனேன். அவ மூஞ்சியப் பாத்துட்டு சரின்னு வந்துட்டேன். நானோ குளிக்கறப்பவே தலைக்கு ஊத்தக் கண்ண இறுக்கி மூடறவ.

தையல்கடைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டாரு, பத்து நாள்ல வரேன்னு போன அக்கா எங்கன்னு. சட்டைக்குக் காஜா எடுக்க வேற கை அமையலயாம். நீ எப்ப வருவ, நான் எப்ப என் ஊருக்குப் போவேன்? இருமல் இருந்தா வெந்நீர் குடி.

உன் அக்கா.


பிப்ரவரி 3

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. துறைமுகத்தின் வாயைத் தூர்வாரும் வேலை இங்கே இன்னும் முடியவில்லை. கப்பலில் நான் சமைக்கும் அறையில் புதிய அடுப்பு வந்திருக்கிறது, நன்றாக எரிகிறது.

அடுப்படிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, சரிசெய்தீர்களா? வீட்டு ஹாலில் விசிறி சத்தம் போட்டால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லவும். மழைக்கு முன் ஜன்னல் கொக்கியைப் பார்த்துக்கொள்ளவும்.

ஒப்பந்தத்தை இந்த வருடக் கடைசிவரை நீட்டித்திருக்கிறேன். ஆள் பற்றாக்குறை.

தண்ணீரில் கவனம். கப்பலில் இருப்பவன் சொல்கிறேன், எனக்கே நீந்தத் தெரியாது.

குழந்தைக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தம்பி.


பிப்ரவரி 20

அன்பான தம்பிக்கு,

நாங்க நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கேங்கற, அடுப்பு நல்லா எரியுதுங்கற. ரெண்டும் ஒரே மாதிரி எழுதியிருக்க, எது நீ எது அடுப்புன்னு தெரியல. குழாய் ஒழுகல. விசிறி சத்தம் போடல. கொக்கி கொக்கியா இருக்கு.

இப்ப என் கதையக் கேளு. தண்ணிக்குள்ள இறங்க உடுப்பு வேணும்னாங்க. கடையில தொங்கறதப் பாத்தேன். அத மாட்டிக்கிட்டு நான் வெளிய வந்தா என் நிழலே என் கூட வராது. நமக்குத்தான் கையில தொழில் இருக்கே, நாமளே தைப்போம்னு உக்காந்தேன். எந்தத் துணி? ராப்பூரா யோசிச்சேன். தண்ணி ஒட்டாத துணி எது? குடைத் துணி! வாட்ச்மேன்கிட்ட ரெண்டு, எலக்ட்ரீஷியன் வீட்டுல ஒண்ணு, நம்ம பழசு ஒண்ணுன்னு கம்பி போன குடையாச் சேத்தேன். கழுத்துலருந்து கணுக்கால்வரைக்கும், கைக்கும் காலுக்கும் எலாஸ்டிக் வெச்சு, ஒரு சொட்டு உள்ள போகாம ரெட்டைத் தையல் போட்டேன். இப்படி ஒரு தையல நான் கல்யாண உடுப்புக்குக்கூடப் போட்டதில்ல.

ஞாயித்துக்கிழமை போனோம். கிளப்பு உள்ள எப்படி இருக்குங்கற, தரையில மூஞ்சி தெரியுது. படியில இறங்கி ஒரு கால் வெச்சேன், சரி. இடுப்புவரைக்கும் போனேன், அவ்வளவுதான். உள்ள இருந்த காத்து வெளிய போக வழியில்லாம உடுப்பு உப்பிக்கிச்சு. கால் தரையில நிக்கல. குளத்து நடுவுல கறுப்புப் பூசணி மாதிரி மெதக்கறேன். நீச்சல் டீச்சர் ஊதலக் கடிச்சுக்கிட்டு சிரிப்ப அடக்குது. குண்டூசி கரையில நின்னு கத்தறா: "அத்தை, மூடிக்கோ! மழை நின்னுடுச்சு!"

அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல, தம்பி. உன் வீட்டுல நான் வந்து இறங்கின நாள்லருந்து பாத்ததில்ல. அதுக்காகவே இன்னும் ரெண்டு சுத்து மெதந்தேன்.

உடம்பப் பாத்துக்க. வருஷக் கடைசின்னு எழுதியிருந்தியே, அத அவகிட்ட நான் சொல்லல.

அக்கா.


மார்ச் 15

அக்காவுக்கு,

நலம். நலமறிய விருப்பம்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வாசித்தேன். இன்ஜின் அறை ஆட்கள் சிரித்துச் சிரித்துத் தட்டைக் கவிழ்த்தார்கள். மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். "மழை நின்னுடுச்சு" என்ற இடத்தில் நான் நிறுத்திக்கொண்டேன்.

குழாயில் வாஷர் மாற்றினால் நல்லது. பீரோவின் மேல்தட்டில் பூச்சி உருண்டை போட்டிருந்தேன். அதைத் திறக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

தம்பி.


ஏப்ரல் 2

அன்பான தம்பிக்கு,

சௌக்கியம். உன் கடிதாசி பத்திரமா வந்துச்சு. மேல்தட்ட நான் தொறக்கல. ஆனா சொல்லிடறேன், அவ தொறக்கறா. நாற்காலி போட்டு ஏறி, சாமிகிட்டப் போயிட்ட அவ அம்மாவோட துணிக்குள்ள மூஞ்சிய வெச்சுட்டு மறுபடி மடிச்சு வெச்சுடறா. நல்லா மடிக்கறா. நான் பாக்காத மாதிரி அக்கம்பக்கத்துச் சட்டைங்களுக்குக் காஜா எடுத்துக்கிட்டே இருப்பேன்.

கிளப்புல போன வாரம் ஒரு பேச்சு. மெம்பர் ஒருத்தர், துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து நின்னு, "பிளாக்குப் பிள்ளைங்க வந்து தண்ணி கலங்குது"ன்னாரு. அட்டை மேடம் வாயத் தொறக்கறதுக்குள்ள டீச்சர் சொல்லுச்சு: "கலங்கினா நல்லதுங்க சார், யாரோ நீந்துறாங்கன்னு அர்த்தம். உங்க பக்கம் தெளிவாத்தான் இருக்கு." நம்ம பிளாக்குல இருக்கற பஸ் கண்டக்டர், தன் பிள்ளையோட தண்ணியில நின்னவரு, "சார், உள்ள போங்க, படியில நிக்காதீங்க"ன்னு ஒரு கொரல் குடுத்தாரு பாரு, குளமே குலுங்கிச்சு. அந்தாளு அடுத்த வாரம் பேரனக் கூட்டிட்டு வந்து நம்ம டீச்சர்கிட்டயே சேக்கப் பாத்தாரு. "பெரியவர் கூட இறங்கணும் சார்"னு சொல்லிடுச்சு. இப்ப அவரும் இறங்கறாரு. ஆளு என்னவிடப் பயந்தவரு.

உடுப்ப ஓரமெல்லாம் பிரிச்சுக் காத்துப் போக வழி வெச்சுட்டேன். இப்ப கால் நிக்குது. குண்டூசி முதுகுக்குக் கீழ என் உள்ளங்கைய வெச்சுக்கறேன், மல்லாந்து மெதக்கறா. கண்ண மூடிக்குவா. காது தண்ணிக்குள்ள இருக்கறதால நான் பேசறது கேக்காது, அதனால எல்லாம் பேசுவேன்.

போன ஞாயிறு திடீர்னு கண்ணத் தொறந்து கேட்டா: "அப்பாவுக்கு நீச்சல் தெரியுமா?" தெரியாதுன்னேன். "அதான் வர முடியல. கடல் நடுவுல மாட்டிக்கிட்டாரு. நான் கத்துக்கிட்டுப் போய்க் கூட்டிட்டு வருவேன்"னா. கப்பலு கரைக்கு வரும்டி, படி போட்டு இறங்குவாங்கன்னு சொல்லலாம். சொன்னா, அப்ப ஏன் வரலன்னு அடுத்த கேள்வி கேப்பாளே.

செப்டம்பர் முதல் ஞாயிறு கடைசி நாள். பெரியவங்க அந்தப் பக்கச் செவுத்தோரம் தண்ணியில நிப்பாங்க. பிள்ளைங்க இந்தப் பக்கத்துலருந்து தனியா நீந்தி அவங்ககிட்ட வரணும். முடிஞ்சா வா.

அக்கா.


மே 10

தம்பிக்கு,

உன்கிட்டருந்து பதில் இல்ல. நீ சௌக்கியமா இருக்கேன்னு நெனச்சுக்கறேன். கப்பல் துறைமுகம் மாறியிருக்கும், கடிதாசி பின்னாலயே அலையுது போலன்னு அவகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். நாங்க நல்லா இருக்கோம்.

ஹால்ல லைப்ரரிக்காரங்க அலமாரி வெச்சுட்டாங்க. சாயங்காலம் என்னைக் கதை சொல்லச் சொல்றாங்க. படிக்காதவ நான் எங்க சொல்றதுன்னேன். "படிச்சவங்க படிச்சதத்தான் சொல்றாங்க"ன்னு அட்டை மேடம் ஒரு போடு போட்டுச்சு. உக்காந்தேன். பூனைக்கும் சாவிக்கும் நடந்த கதைய ஒரு வாரமா இழுக்கறேன், இன்னும் பூட்டுக்கே வரல.

ஒண்ணு எழுதலாமா வேண்டாமான்னு பேனாவ மூடி மூடித் தொறக்கறேன். எழுதிடறேன். போன வாரம் ஆழத்துப் பக்கம் ஒரு அடி தள்ளிப் போயிட்டா. கால் எட்டல. தண்ணிய முழுங்கிட்டா. நான் எட்டிப் புடிச்சேன். கழுத்தக் கட்டிக்கிட்டு "அம்மா"ன்னா. அப்புறம் தலையத் தூக்கி என்னைப் பாத்தா. நானும் பாத்தேன். துண்டப் போத்திக் கூட்டிட்டு வந்தேன். வழியில டீக்கடைப் பூனையப் பத்திப் பேசிக்கிட்டே வந்தோம்.

நீ எப்படியும் படிப்ப, பதில்தான் போடமாட்ட. படிச்சா போதும்.

அக்கா.


ஜூன் 28

அக்கா,

நலம். இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. கிடைத்து நாளாகிறது.

அந்தக் குளத்தில், பெரியவர்கள் நிற்கும் இடத்தில் ஆழம் எவ்வளவு? நெஞ்சுவரை வருமா, கழுத்துவரையா? பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா?

இப்போது எவ்வளவு உயரம் இருக்கிறாள்?

தம்பி.


ஜூலை 9

என் தம்பிக்கு,

நல்லா இருக்கோம். இப்பத்தான் நீ நல்லா இருக்கேன்னு நம்பறேன். குழாயப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே!

ஆழம் எனக்கு நெஞ்சு, உனக்கு அதுக்கும் கீழதான். செவுத்தோரமா கம்பி உண்டு. நான் அதப் புடிச்சுத்தான் உயிரோட இருக்கேன்.

அவ உயரம் கேட்டிருக்க. அடுப்படி மேடைக்கு மேல தலை தெரியுது. நிமுந்து நின்னா என் நெஞ்சுக் குழியில அவ உச்சந்தலை வந்து முட்டும். முன்பல்லு விழுந்து மொளைச்சாச்சு. சாப்பிடறப்ப ஒரு கால மடிச்சு ஒரு காலத் தொங்கப் போடுவா. தூங்கறப்ப உன்ன மாதிரியே கைய நெத்திக்குக் குறுக்க வெச்சுக்குவா. பொய் சொன்னா காது செவக்கும். பாட்டு வகுப்புப் பக்கமும் எட்டிப் பாக்கறா, குரல் அவ அம்மாவோடது. நீ கேக்கலயே தவிர, நான் எல்லாத்தையும் சேத்துத்தான் வெச்சிருக்கேன்.

டீச்சர்கிட்டப் போய் அப்பன் வந்தா ஆள மாத்தலாமான்னு கேட்டேன். "நடுவுல மாத்தறதில்லையேம்மா"ன்னுச்சு. அப்பன்னு மறுபடி சொன்னேன். "கடைசி நாளைக்கு முன்னாடி மூணு வாரமாவது அவர் கூட இறங்கணும். பிள்ளைக்கு அந்தக் கை பழகணும். ஆனா ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர்தான், ரெண்டு பேரு கிடையாது"ன்னுச்சு. எனக்கென்ன, விட்டுது தொல்லைன்னேன். குடையக் கட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நடுங்கறதுக்கு எனக்கு என்ன வேண்டுதலா?

மூணு வாரம்னா ஆகஸ்ட் நடுவுல நீ இங்க இருக்கணும். இருப்பியா?

அக்கா.


ஆகஸ்ட் 4

அக்கா,

நலம்.

வேலையை விடுவதாகக் கேப்டனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த துறைமுகத்தில் இறங்கிக்கொள்கிறேன். பதினைந்தாம் தேதிக்குள் வந்துவிடுவேன். நம் துறைமுகத்துச் சரக்குக் கூடத்தில் சமையல் வேலை இருப்பதாகச் சொல்கிறார்கள். இனிப் போவதாக இல்லை. இந்தக் கப்பலுக்கு இனி எழுத வேண்டாம்.

இன்ஜின் ஆட்கள் கப்பல் ஏணியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இடுப்புவரை இறங்கிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான்.

நீங்கள் உங்கள் ஊரையும் வேலையையும் விட்டு எத்தனை நாள் என் வீட்டில் கட்டிப்போட்டதுபோல் கிடந்தீர்கள். அது போதும் அக்கா. நான் வந்ததும் நீங்கள் நிம்மதியாகப் புறப்படலாம். தையல்கடைக்காரருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

ஒண்ணே ஒண்ணு. அந்த வீட்டுக் கதவத் தொறந்தா குழந்தையோட அம்மா இருக்கமாட்டா. அத நெனச்சு நெனச்சுத்தான் கா நான் வரல. கீழயே நின்னுட்டேன்னா நீ எறங்கி வந்து கையப் புடிச்சு மேல கூட்டிட்டுப் போ.

தம்பி.


ஆகஸ்ட் 13

தம்பிக்கு,

இந்தக் கடிதாசி உனக்கு வந்து சேராது. நீ கப்பல விட்டு இறங்கியிருப்ப, நடு வழியில இருப்ப. தெரிஞ்சும் எழுதறேன். எழுதிப் பழகின கை.

வீடு பெருக்கியாச்சு. ஜன்னலத் தொடச்சாச்சு. எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டுக் குழாய்க்கு வாஷர் போடச் சொன்னேன். "எதுக்கும்மா, நல்லாத்தானே இருக்கு"ன்னாரு. "என் தம்பி வந்து கேப்பான், போடுங்க"ன்னேன்.

குண்டூசிகிட்ட சனிக்கிழமைதான் சொன்னேன். குதிக்கல, கத்தல. நான் என்னவோ நெனச்சிருந்தேன். "எப்படி வராரு?"ன்னு மட்டும் கேட்டா. கப்பல் கரைக்கு வரும், படி போட்டு இறங்குவாங்கன்னேன். "அவ்ளோ சுலபமா?"ன்னா. அப்புறம் நாற்காலி போட்டு மேல்தட்டுலருந்து அவ அம்மா துணி ஒண்ண எடுத்து உன் தலகாணிக்குப் போத்திட்டா. நான் எடுக்கல. அது அவ பண்ணின ஏற்பாடு.

மறுநாள் ஞாயிறு, நான் அவளோட தண்ணியில இறங்கின கடைசி நாள். டீச்சர் சொல்லுச்சு, "இன்னிக்குக் கைய எடுத்துப் பாருங்கம்மா"ன்னு. இத்தனை மாசமா எடுக்கற மாதிரி எடுத்துட்டு விரல் நுனியால தொட்டுக்கிட்டே இருப்பேன். அவளுக்கும் அது தெரியும். அன்னிக்கு நெசமாவே எடுத்தேன். போறா தம்பி! கைய வீசிக்கிட்டு, காலால தண்ணிய அடிச்சுக்கிட்டு, என்னைத் தாண்டிப் போயிட்டே இருக்கா. கண்டக்டர் விசிலடிக்கறாரு. நான் கம்பியப் புடிக்க மறந்து நடுவுல நிக்கறேன். என் கை ரெண்டும் அவ இருந்த இடத்துலயே தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கு. மடக்கத் தோணல.

கரையேறி வந்து, "அத்தை, அடுத்த வாரம் நீ எங்க நிப்ப?"ன்னா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாக்கறவங்க உக்கார்ற பெஞ்சில இருப்பேன்னேன். "அதுக்கு அப்புறம்?"ன்னா. தலையத் துவட்டி விட்டேன். ரொம்ப நேரம் துவட்டினேன்.

என் பை கட்டி வெச்சாச்சு. நிம்மதியாப் புறப்படலாம்னு நீ எழுதியிருக்க. என் நல்லதுக்குத்தான் எழுதியிருக்க. ஊருக்கு எப்பப் போவேன்னு நானே உன்கிட்டக் கேட்டவதானே. நீ வந்து கேட்டாலும் ஆமா, நிம்மதின்னுதான் சொல்லுவேன். என் காது செவந்தா நீ கவனிக்கமாட்ட, உனக்கு அந்தப் பழக்கம் இல்ல.

வீட்டுக் கதவ நெனச்சுப் பயப்படாத. நான் நேத்துலருந்து சாயங்காலம் கீழ வாசப்படியில உக்காந்துதான் காஜா எடுக்கறேன். நீ வந்தா எந்திரிச்சு வந்து கையப் புடிச்சுக்கறேன். மாடி ஏர்றவரைக்கும் விடமாட்டேன்.

உன் சௌக்கியத்த இனிமே நான் கடிதாசியில கேக்க வேண்டியதில்ல, நேர்லயே பாத்துக்குவேன். நான் ஊருக்குப் போனதுக்கு அப்புறம் என் சௌக்கியத்த நீங்க ரெண்டு பேரும் கேட்டு எழுதுங்க. அவ எழுதட்டும். எத்தனை பக்கம் வேணும்னாலும் எழுதட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரம் ஆகும், ஆனா அங்க எனக்கு நேரத்துக்குப் பஞ்சம் இருக்காது.

அக்கா.